பட்டனை அழுத்தினேன், பச்சை வரவில்லை! – வாசகர் கேள்வி பதில்

சாலையைக் கடப்பது பற்றி, குறிப்பாக ஆள் நிற்பதைத் தானே கண்டுகொள்ளும் சென்சார் சிக்னல்கள் பற்றி, கேள்விகள் அனுப்பச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதி கேள்வி, மீதி புலம்பல். புலம்பலிலும் நியாயம் இருந்ததால் இரண்டுக்கும் சேர்த்தே பதில்.

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே சிக்னல் கம்பத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பச்சை ஒரே நேரத்துக்குத்தான் வருகிறது. அப்புறம் எதற்கு சார் அந்தப் பட்டன்?
– வங்கி ஊழியர், கொங்குப் பக்கம்

பதில்: ஒயர் உள்ளே எங்கும் போகாமல் இருக்கலாம். அல்லது சிக்னல் ஒரே சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் முறை எப்படியும் வரும், பட்டன் ஒப்புக்கு. இல்லையென்றால் ஒரு காலத்தில் வேலை செய்திருக்கும், சந்திப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்தபோது பட்டனை மட்டும் கழற்றாமல் விட்டிருப்பார்கள். நியூயார்க்கில் நடந்தது இந்தக் கடைசிக் கதைதான். அங்கே இருந்த 3,250 பட்டன்களில் 2,500-க்கும் மேலானவை செத்துப்போனவை என்று 2004-இல் பத்திரிகையில் வந்தது. கழற்றவும் காசு ஆகும் என்று விட்டுவிட்டார்கள், ஜனங்களும் நம்பிக்கையோடு அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

வேலை செய்கிற பட்டனிலும் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் அழுத்துகிறீர்கள், உடனே ஒரு இடைவெளி கிடைக்கிறது, ஓடிப் போய்விடுகிறீர்கள். அரை நிமிடம் கழித்து வண்டிகளுக்குச் சிவப்பு விழுகிறது, எதிரே யாரும் இல்லை. பத்துத் தடவை இப்படி வெறும் ரோட்டுக்கு நின்ற டிரைவர் பதினோராவது தடவை நிற்க மாட்டார். பிரிட்டனில் 1969-இல் வந்த 'பெலிகன்' என்ற பட்டன் கடவையின் (கடவை என்றால் நடப்பவர்கள் ரோட்டைக் கடக்கும் இடம்) மேல் இருந்த பெரிய குறையே இதுதான். அதைச் சரிசெய்யத்தான் 1990-களில் 'பஃபின்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு சென்சார் வேலை செய்யும். ஒன்று நடைபாதை ஓரத்தைப் பார்த்துக் குனிந்திருக்கும்; பட்டன் அழுத்தியவர் இன்னும் நிற்கிறாரா, போய்விட்டாரா என்று பார்த்து, போயிருந்தால் அந்தக் கோரிக்கையை அடித்துவிடும். இன்னொன்று ரோட்டைப் பார்க்கும். நடுவில் ஆள் இருக்கிற வரைக்கும் வண்டிகளுக்குப் பச்சை கொடுக்காமல் பிடித்து வைக்கும், அதற்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. தொடக்கத்தில் ஓரத்தில் மிதித்தால் தெரிகிற பாய் மாதிரி ஒன்றைப் பதித்துப் பார்த்தார்கள், பிறகு அகச்சிவப்பு, ரேடார், கேமரா என்று மேலே ஏறிவிட்டது. 2016 விதிகளுக்குப் பிறகு அங்கே புதிதாக பெலிகன் வைப்பதில்லை.

பஃபினில் எனக்குப் பிடித்த விஷயம் சென்சாரே இல்லை. பச்சை மனிதன் எதிர்ப்பக்கம் எரியாமல் உங்கள் பக்கத்துக் கம்பத்திலேயே, வண்டி வருகிற திசையில் எரிவார். அவரைப் பார்க்கத் திரும்பினால் வருகிற வண்டியும் கண்ணில் படும். ஒரு பைசா மின்னணுவியல் தேவைப்படாத யோசனை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. பச்சை விழுந்ததுமே இறங்கினாலும் நடு ரோட்டுக்கு வருவதற்குள் மினுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆரன் சத்தத்தில் பதறிப் போகிறார். இந்த நேரத்தை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: உலகம் முழுக்கப் பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற கணக்கில். இது நல்ல முட்டி உள்ளவர்களின் வேகம். நான்கு வழி ரோடு, ஒரு வழிக்கு 3.5 மீட்டர் என்றால் மொத்தம் 14 மீட்டர், அந்தக் கணக்குப்படி 12 நொடி போதும். உங்கள் அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பதினேழரை நொடி வேண்டும். அந்த ஐந்தரை நொடிதான் ஆரன் சத்தமாக மாறுகிறது.

0.8 என்று சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நடையை அளந்து 2012-இல் வெளியான ஆய்வில் ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8 என்று வந்தது. பெரியவர்களில் பெரும்பாலோர் சிக்னல் எதிர்பார்க்கிற வேகத்தை எட்டவே இல்லை. அமெரிக்காவில் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டு 2009-இல் கணக்கை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தார்கள்.

சரி, எல்லாருக்கும் ஐந்தரை நொடி கூட்டிவிட்டால் என்ன? கூட்டலாம், ஆனால் நாள் முழுக்க எல்லாச் சுற்றிலும் கூட்டினால் வண்டிகள் தேங்கும், இரண்டே மாதத்தில் யாராவது அதிகாரி பழையபடி குறைத்துவிடுவார். சென்சாருக்கு உருப்படியான வேலை இருப்பது இங்கேதான். ரோட்டில் ஆள் இருந்தால் நீட்டு, இல்லையென்றால் விடு. வேகமாகப் போகிற பையன்கள் மட்டும் கடந்த சுற்றில் நேரம் மிச்சமாகும், உங்கள் அம்மா வருகிற சுற்றில் அது செலவாகும். லண்டனில் 2014-இல் பால்ஹாம், டூட்டிங் பெக் ரயில் நிலையங்களுக்கு வெளியே இதை இன்னொரு விதமாகச் சோதித்தார்கள்: ஓரத்தில் காத்திருக்கும் கூட்டம் எவ்வளவு என்று கேமரா பார்க்கும், கூட்டம் பெரிதென்றால் பச்சையும் நீளும். சித்திரைத் திருவிழா ஊருக்கு இதன் அருமை புரியும்.

அதெல்லாம் வருகிற வரை ஒன்று செய்யுங்கள். பச்சை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அம்மா இறங்க வேண்டாம். அந்தப் பச்சை போகட்டும், அடுத்த பச்சையின் முதல் நொடியில் இறங்கட்டும். நடுவில் அகலமான மீடியன் (தடுப்புத் திட்டு) இருந்தால் அங்கே நின்று இரண்டாவது பாதியை அடுத்த சுற்றில் கடப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

கேள்வி: இங்கே சீனியர் கார்டைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பார். ஆனால் அப்பா தட்ட மாட்டேன் என்கிறார். "எல்லாரும் பார்க்க நான் கிழவன்னு சொல்லிக்கணுமா" என்று கோபம். சென்சாரே கண்டுபிடித்துக் கொடுக்காதா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் 2009-இல் தொடங்கிய 'கிரீன் மேன் பிளஸ்' திட்டம் இது. சிக்னல் கம்பத்தில் ஒரு கார்டு ரீடர் இருக்கும். மூத்த குடிமக்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை கார்டைக் காட்டினால், ரோட்டின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை நீளும்.

அப்பாவின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. கார்டு முறை மலிவானது, ஏமாற்றாது, மழையில் வெயிலில் ஒரே மாதிரி வேலை செய்யும். ஆனால் உதவி வேண்டும் என்று நீங்களாகக் கேட்க வேண்டும். கார்டை வீட்டில் மறந்தவருக்கும், முட்டியில் அடிபட்ட முப்பது வயதுக்காரருக்கும், இரண்டு குழந்தைகளையும் காய்கறிப் பையையும் இழுத்து வருகிற அம்மாவுக்கும் அது இல்லை. ரோட்டைப் பார்க்கிற சென்சாருக்கு வயது தெரிய வேண்டிய அவசியமே கிடையாது, "இன்னும் ஒருத்தர் ரோட்டில் இருக்கிறார்" என்று தெரிந்தால் போதும். நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் மூன்றாவது வழி ஒன்றைச் சோதித்தார்கள், முதியவரின் கைப்பேசியில் உள்ள செயலியே சிக்னலோடு பேசி நேரம் வாங்கிவிடும், பாக்கெட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். அப்பாவின் கௌரவத்துக்கு அது பொருந்தும், அவர் போனை சார்ஜ் போட்டு வைப்பாரா என்பது வேறு கேள்வி. அதுவரை கார்டை நீங்கள் தட்டுங்களேன்.

கேள்வி: சென்சார் வைத்தால் விபத்து குறையுமா, குறையாதா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
– ஆட்டோ ஓட்டுநர், திருச்சி

பதில்: அண்ணே, சென்சாருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இருந்தால் குறையும். வெறும் "கவனமாகச் செல்லவும்" போர்டு இருந்தால் உங்களுக்கே தெரியும். (ஒரே வார்த்தையில் முடியவில்லை, மன்னிக்கவும்.)

கேள்வி: நான் இறுதியாண்டு மின்னணுவியல் மாணவன். ஆர்டுயினோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, எதிரொலியை வைத்துத் தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார், வெப்பத்தைப் பார்க்கும் பிஐஆர் சென்சார் வைத்து 'ஸ்மார்ட் ஜீப்ரா கிராசிங்' புராஜெக்ட் செய்கிறோம். ஆள் வந்தால் சிவப்பு விழும். எதையாவது சேர்க்கலாமா?
– மாணவர், வேலூர்

பதில்: தம்பி, சேர்ப்பதற்கு முன்னால் இருப்பதைச் சோதித்துப் பார்.

எல்லாரும் வாங்குகிற அந்த இரட்டைக் கண் அல்ட்ராசோனிக் சென்சார் அதிகபட்சம் 4 மீட்டர்தான் பார்க்கும், அதுவும் சுமார் 15 டிகிரி குறுகிய கோணத்தில். மேஜைமேல் அட்டை ரோட்டில் அற்புதமாக வேலை செய்யும். நிஜத்தில் ஓரமாக நிற்கிறவர் அந்தக் கோணத்துக்குள் நிற்க வேண்டுமே! போதாததற்கு மென்மையான துணி ஒலியை உறிஞ்சும், சுவரிலிருந்து வருகிற எதிரொலி பருத்திப் புடவையிலிருந்து வராது.

பிஐஆர் கதை இன்னும் சுவாரஸ்யம், அதிலும் நீ வேலூர்க்காரன். அது ஆளைப் பார்ப்பதில்லை. பார்வைக்குள் வெப்பம் மாறுவதைத்தான் பார்க்கிறது. அதனால் ஒரு சின்னச் சோதனை செய். நண்பனைக் கம்பத்தடியில் அசையாமல் நிற்கச் சொல். வந்து நின்றபோது விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணைந்துவிடும், ஏனென்றால் சென்சாருக்கு அவன் மறைந்துபோய்விட்டான். சாலையோரத்தில் சமர்த்தாகக் காத்திருக்கிறவரைத்தான் இது மறக்கிறது, நாட்டியமாடுகிறவரை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அப்புறம் இதே சோதனையை மே மாதம் மதியம் செய். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சுற்றுப்புறமும் மனித உடலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும், வித்தியாசம் இல்லையென்றால் சென்சாருக்குச் சேதியும் இல்லை. விலை உயர்ந்த வெப்பக் கேமராவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு: ராத்திரி குளிர்ந்த ரோட்டில் மனிதன் பளிச்சென்று தெரிவான், மதியம் கொதிக்கிற தார் ரோட்டின் முன்னால் அவனே இருட்டு உருவமாகத் தெரிவான், காலையிலும் மாலையிலும் நடுவே சிறிது நேரம் இரண்டும் ஒன்றாகி ஆளே கரைந்துவிடுவான். குளிர் நாட்டில் எழுதிய கையேட்டை மட்டும் படித்தால் இது தெரியாது. உன் ஊரில் அளந்து பார்த்து எழுதினால் அதுவே நல்ல புராஜெக்ட்.

24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அசையாமல் நிற்பவரின் மூச்சு அசைவைக் கூடப் பிடிக்கும், வெயில் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அது அறைக்குள் வைக்கத் தயாரித்த பொருள், ஐந்தாறு மீட்டருக்கு மேல் எட்டாது. வெளியே வைத்தால் காற்றில் ஆடுகிற வேப்பங்கிளையையும் ஆள் என்று சொல்லும்.

கடைசியாக, வைவாவில் யாரும் கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிட வேண்டிய விஷயம். உன் சென்சார் இரண்டு விதமாகத் தப்புச் செய்யும். ஆள் இல்லாதபோது இருக்கிறார் என்று சொல்லும், ஆள் இருக்கும்போது இல்லை என்று சொல்லும். முதல் தப்புக்கு வண்டிகள் பத்து நொடி வீணாக நிற்கும். இரண்டாவது தப்புக்கு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டையும் கூட்டி '95 சதவீதத் துல்லியம்' என்று ஒற்றை எண்ணாக எழுதாதே, தனித்தனியாக எழுது. சென்சார் செத்துப்போனால், ஒயர் அறுந்தால், சிக்னல் "ஆள் இருக்கிறார்" என்றே எடுத்துக்கொள்கிற மாதிரி புரோகிராம் பண்ணு.

கேள்வி: வெளிநாட்டு சென்சார் சிக்னல்களை அப்படியே வாங்கி நம் ரோட்டில் மாட்டினால் வேலை செய்யுமா?
– ஒப்பந்தக்காரர், சென்னை

பதில்: மாட்டலாம், பில்லும் பாஸ் ஆகிவிடும்.

வேலை செய்யுமா என்றால், யோசித்துப் பாருங்கள். அந்தச் சென்சார் நடைபாதை ஓரத்தில் ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தைப் பார்க்கிற மாதிரி அமைத்திருப்பார்கள், நடக்கிறவர் அங்கேதான் நிற்பார் என்று நம்பி. நம் ஊரில் அந்தக் கட்டத்தில் ஒரு இளநீர் வண்டி, மூன்று டூவீலர், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். கடக்க வேண்டியவர் ரோட்டில் இறங்கி, கையை நீட்டிக்கொண்டு, ஓடாமல் நிற்காமல் ஒரே சீராக நடப்பார், வண்டிகள் அவரைச் சுற்றி வழிந்து போகும். அந்த நீட்டிய கையைப் படிக்கிற சென்சார் இன்னும் எந்தக் கடையிலும் விற்கவில்லை. வண்டிப் பக்கமும் அதே கதை: தரையில் புதைக்கிற கம்பிச் சுருள் ஒரு வழிக்கு ஒரு வண்டி என்று எண்ணும், நாமோ ஒரு வழியில் ஒரு பஸ், ஒரு ஆட்டோ, நான்கு பைக்கைத் திணிப்போம்.

இதை யோசித்தே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான திருவனந்தபுரம் சி-டாக் நம் நாட்டு நெரிசலுக்கென்று 'கோசிகாஸ்ட்' என்ற சிக்னல் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கியது, பெங்களூரில் பல சந்திப்புகளில் அது ஓடுகிறது. வண்டிகளுக்கு அது நல்லது. நடக்கிறவரை மையமாக வைத்து அதே அக்கறையோடு யாராவது செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் நடைபாதையைக் காலி செய்ய வேண்டும், சென்சார் பார்க்கிற இடத்தில் ஆள் நிற்க இடம் வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்குப் பார்வை இல்லை. பச்சை விழுந்தது அவருக்கு எப்படித் தெரியும்? 'பீப்' சத்தம் வைத்தால் அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்களாம்.
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: சத்தத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது அம்மா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடவை இருந்தால், அங்கே அடிக்கிற 'பீப்' இங்கே அடித்த மாதிரிக் கேட்கும். பிரிட்டனில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பட்டன் பெட்டியின் அடிப்பக்கம் கையை விட்டால் விரல் நுனி அளவுக்குச் சொரசொரப்பான ஒரு சின்னக் கூம்பு தட்டுப்படும். சிவப்பில் அது சும்மா இருக்கும், பச்சை மனிதன் வந்ததும் விரலுக்கடியில் சுழலும். சத்தம் இல்லை, குழப்பம் இல்லை, காது கேளாதவருக்கும் உதவும். தெரியாதவர்கள் அந்தப் பெட்டியைத் தினமும் அழுத்திக்கொண்டு அடியில் என்ன இருக்கிறது என்றே அறியாமல் போவார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான பொருள் இது. நம் சிக்னல் பெட்டிகளிலும் வைக்க எந்தத் தடையும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: கேமரா வைத்துக் கடக்கிறவர்களைப் பார்க்கிறோம் என்கிறார்கள். நம் முகமெல்லாம் எங்கே போகிறது?
– வழக்கறிஞர், புதுச்சேரி

பதில்: நல்ல சந்தேகம். ஆஸ்திரியாவின் வியன்னாவில் பட்டனுக்குப் பதிலாகக் கேமரா வைக்கும் முறையை அதே நாட்டின் கிராஸ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஓரத்துக்கு வருகிறவர் கடக்கப் போகிறாரா, சும்மா நடந்து போகிறாரா என்று அவர் நகர்கிற விதத்தை வைத்தே ஓரிரு நொடியில் ஊகித்துவிடும். படம் கம்பத்தைவிட்டு வெளியே போவதில்லை, "ஒருவர் கடக்க விரும்புகிறார்" என்ற சேதி மட்டும் சிக்னலுக்குப் போகும். ஆக, படத்தைச் சேமிக்காமலே வேலை நடக்கும். சேமிக்கிறார்கள் என்றால் அது வேறு ஏதோ வேலைக்காக. நம் நாட்டில் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதனால் டெண்டரிலேயே 'படம் கம்பத்தைத் தாண்டக் கூடாது' என்று எழுத வைப்பதுதான் பாதுகாப்பு. அதை எழுத வைக்க உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

கேள்வி: கார்களே தானாக பிரேக் போடும் காலம் வந்துவிட்டது. இனிமேல் ரோட்டில் சென்சார் எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், ஊபர் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார் மோதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் இறந்தார். கார் அவரைப் பார்க்கவில்லையா? பார்த்தது, மோதுவதற்கு 5.6 நொடி முன்பே. ஆனால் அவரை ஒருமுறை வாகனம் என்றது, ஒருமுறை வேறு ஏதோ பொருள் என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றியபோதும் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்ற கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தது. கடவை இல்லாத இடத்திலும் மனிதர்கள் ரோட்டைக் கடப்பார்கள் என்பதே அந்தப் புரோகிராமில் இல்லை என்று விசாரணை செய்த அமெரிக்க அமைப்பு 2019-இல் சொன்னது. உள்ளே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவரும் ரோட்டைப் பார்க்கவில்லை.

சாதாரணக் கார்களில் வருகிற தானியங்கி பிரேக் இதைவிட எளியது, பயனும் உண்டு. ஆனால் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் சோதித்தபோது, பகலில் கார் மணிக்கு 20 மைல் வேகத்தில் போகும்போது வளர்ந்த ஒருவர் குறுக்கே வந்தால் 40 சதவீதச் சந்தர்ப்பங்களில்தான் மோதல் தவிர்ந்தது. குழந்தை திடீரென்று ஓடிவந்தால் 89 சதவீதம் மோதியது. இரவில் பிரயோஜனமே இல்லை. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் தேறியிருக்கிறது, அமெரிக்க அரசும் 2029 செப்டம்பர் முதல் புதுக் கார்களில் இரவிலும் ஆளைக் கண்டுகொள்கிற பிரேக் கட்டாயம் என்று 2024-இல் விதி போட்டது. சரி, நம் ரோட்டுக்கு வாருங்கள். இங்கே நடப்பவரை இடிப்பது புதுக் கார் மட்டுமா? பைக், லாரி, டவுன் பஸ், மணல் டிப்பர், ஷேர் ஆட்டோ. இவற்றிலெல்லாம் அந்த பிரேக் வருவதற்கு உங்கள் பேரன் காலம் ஆகும். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்தை நான்கு வழிச் சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயலும் ரேஷன் கடையும். மினுக்குகிற சென்சார் விளக்கு வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா. ஆள் வந்தால் பளிச்பளிச்சென்று மஞ்சளாக மினுக்குகிற அந்த விளக்கு, வண்டிகள் மெதுவாகப் போகிற ஊர்த் தெருவில் நன்றாகவே வேலை செய்கிறது. நடப்பவர்கள் மீதான மோதல் 47 சதவீதம் வரை குறைவதாக அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையே சொல்கிறது, வேகம் அதிகமான சாலைக்கு அது ஏற்றதில்லை என்பதையும் அவர்களேதான் சொல்கிறார்கள். உங்கள் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி, அதாவது நொடிக்கு 28 மீட்டர். விளக்கைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 70 மீட்டருக்கு மேல் ஓடிவிடும், அதுவும் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால். மினுக்குகிற விளக்கை நம்பி நீங்கள் இறங்குவீர்கள், அவர் நிற்க மாட்டார். விளக்கே இல்லாவிட்டால் பயந்துகொண்டாவது நிற்பீர்கள்.

கேட்க வேண்டியது சுரங்கப்பாதை. டிராக்டரும் மாடும் போகிற அகலத்தில், மழைத் தண்ணீர் நிற்காத மாதிரி. நடைமேம்பாலம் என்றால் அறுபது படி ஏறி யார் ரேஷன் அரிசி தூக்குவது?

கேள்வி: பள்ளிக்கூடம் எதிரே சிக்னல் கேட்டோம். "அங்கே கடப்பவர்கள் எண்ணிக்கை போதாது" என்று பதில் வந்தது. கடக்கப் பயந்துதானே யாரும் கடப்பதில்லை?
– பெற்றோர் சங்க உறுப்பினர், சேலம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டியில் ஒரு சூத்திரம் வரும்: நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்குக் கடக்கும் ஆட்கள், பெருக்கல், வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கம். நடுவில் மீடியன் இல்லாத ரோட்டில் இது 10 கோடியைத் தாண்ட வேண்டும், மீடியன் இருந்தால் 20 கோடியை. 300 பேரும் 800 வண்டிகளும் என்றால் 19.2 கோடி, அதாவது மீடியன் வைத்த ரோட்டில் அந்த 300 பேருக்கும் சிக்னல் கிடைக்காது! எண்ணப்படுகிறவர்கள் துணிந்து கடந்தவர்கள் மட்டும். ஆட்டோவில் சுற்றிப் போன குழந்தையும், அப்பா வண்டியில் வந்த குழந்தையும் கணக்கில் இல்லை. நாளை இதே எண்ணிக்கையைச் சென்சார் வைத்து எடுத்தாலும் இதே தப்புதான் இன்னும் துல்லியமாக வரும்.

பள்ளிக்கு சிக்னலைவிட மேடைக் கடவை கேளுங்கள், ரோட்டை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கோடு போடுவது. அதற்குக் கரண்டும் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டாம், டிரைவருக்கு மனசாட்சி இல்லாவிட்டாலும் ஆக்சில் இருக்கிறது.

கேள்வி: போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்குகிறவர்களுக்குத் தரையில் விளக்குப் பதிக்கிறார்களாமே?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆமாம், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 2016-இல் பதித்தார்கள், தென் கொரியாவில் நிறைய உண்டு. நம் ஊரில் தரையைப் பார்த்து நடப்பது நல்ல பழக்கம்தான், பாதாளச் சாக்கடை மூடி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருமுனைக்குக் கடவை கேட்டு மனு எழுதப் போகிறோம். சென்சார் கேட்கலாமா? எப்படி எழுதினால் எடுபடும்?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்

பதில்: 'சென்சார் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள், ஒரு கம்பத்தில் பெட்டி மாட்டிவிட்டு ரிப்பன் வெட்டிவிடுவார்கள். சென்சார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: ரோட்டில் ஆள் இருக்கிற வரை சிவப்பு நீள வேண்டும், பட்டன் அழுத்திய ஆள் இத்தனை நொடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது, சென்சார் பழுதானால் பெரியவர் நடக்கிற வேகத்துக்கான நேரம் தானாக வர வேண்டும், பழுதை எத்தனை நாளில் சரிசெய்வார்கள், யார் சரிசெய்வார்கள். சிவப்பைத் தாண்டுகிற வண்டியின் எண்ணைப் படிக்கிற கேமராவும் கேளுங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 136ஏ பிரிவு அதற்குத்தான்.

கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். நடைபாதைகளையும் கடவைகளையும் தணிக்கை செய்யச் சொல்லி 2025 அக்டோபரில் நீதிமன்றம் உத்தரவு போட்டது அந்த வழக்கில்தான். மனுவோடு ஒரு தாள் இணையுங்கள்: மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று, கடந்தவர்கள் எத்தனை பேர், கடக்க வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி இரண்டு பத்தியாக எழுதியது. இரண்டாவது பத்தியை அவர்கள் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு நகல் மாநகராட்சிக்கு, ஒரு நகல் போக்குவரத்துக் காவல் துறைக்கு. சிக்னல் நேரத்தை மாற்றுகிற சாவி பெரும்பாலும் இரண்டாமவரிடம்தான் இருக்கும்.